முதன்முறையாக சக ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

#1 ஸ்டோர்_கீப்பர்

வணக்கம். இதுவரை இங்கே வந்து படித்துவிட்டுப் போவதோடு சரி. இப்போது ஒரு விஷயத்தில் உங்கள் உதவி வேண்டும்.

நான் ஒரு கிடங்கில் ஸ்டோர் பிரிவில் இருக்கிறேன். சரக்கு வரவு வைக்கப் புது சாஃப்ட்வேர் போடுகிறார்கள். சோதனை ஓட்டத்தில் நான் இருந்ததால், "உனக்குத்தான் தெரியுமே, மற்றவர்களுக்கும் நீயே சொல்லிக் கொடுத்துவிடு" என்று மேனேஜர் முடித்துவிட்டார். பன்னிரண்டு பேர். அரை நாள் ஒதுக்கித் தருவார்களாம்.

நான் வாத்தியார் வேலை பார்த்தவன் இல்லை. நாலு பேர் முன்னால் நின்று பேசுவதென்றாலே கொஞ்சம் உதறல்தான். இப்போதைக்கு பவர்பாயிண்டில் அறுபது ஸ்லைடு தயார் செய்திருக்கிறேன். ஒவ்வொரு திரையையும் படம் பிடித்து அம்புக்குறி போட்டிருக்கிறேன். அறுபது அதிகமா?

பன்னிரண்டு பேரில் மூன்று பேர் என்னைவிட ரொம்ப சீனியர். அதில் ஒருவர்தான் எனக்கே இந்த வேலையைக் கற்றுத் தந்தவர். அவருக்கு நான் எப்படிப் பாடம் எடுப்பது? அப்புறம், அவர்களுக்கு வேலை வந்துவிட்டதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? எச்ஆரில் ஒரு கருத்துப் படிவம் தந்திருக்கிறார்கள். பயிற்சி எப்படி இருந்தது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடுகிற படிவம். அது போதுமா?

#2 பழைய_சூப்பர்வைசர்

தம்பி, முதலில் அந்த பவர்பாயிண்டை மூடி வையுங்கள். அழிக்க வேண்டாம், மூடினால் போதும்.

நான் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களுக்கு வந்திருக்கும் சிக்கல் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் இதே சிக்கல் பூதாகாரமாக வந்தது. தேர்ந்த தொழிலாளிகள் போதவில்லை. இயந்திரத்தையே பார்த்திராதவர்கள் கூட்டங்கூட்டமாக வேலைக்கு வந்தார்கள், சொல்லிக் கொடுக்க ஆளில்லை. அப்போது 1940-இல் 'ட்ரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி' என்று அரசே ஒரு திட்டம் தொடங்கியது. வேலை தெரிந்த மேஸ்திரிகளையே பயிற்றுநர் ஆக்குவதுதான் யோசனை. வேலை சொல்லிக் கொடுப்பது எப்படி என்று அவர்களைப் பழக்க எடுத்துக்கொண்டது மொத்தம் 10 மணி நேரம், இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள். 1945-இல் திட்டம் முடிவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் திட்டத்தில் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போய் அங்கே ஆலைகளில் வேரூன்றிவிட்டது.

முறை நாலே படி. ஆளைத் தயார் செய். வேலையைக் காட்டு. அவரைச் செய்ய வை. பிறகு அவர் இடத்துக்கே போய்ப் பார். அவ்வளவுதான். முதல் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆள் பழக்கிய சார்லஸ் ஆலன் என்பவர் 1919-இல் எழுதி வைத்த நாலு படிகளில் இருந்து வந்தது இது.

ஆனால் நாலு படியைவிட அதற்கு முன்னால் செய்கிற வேலைதான் பெரிது. வேலையைப் பிரித்து எழுதுவது. ஒரு தாள் எடுத்து நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் முக்கியப் படிகள். வலப்பக்கம் அந்தந்தப் படியில் கோட்டை விடக்கூடாத விஷயம். சரக்கு வரவு வைப்பதை அப்படி எழுதி இங்கே போடுங்கள், பார்ப்போம். மனதில் இருந்து எழுதாதீர்கள். ஒருமுறை கையால் செய்துகொண்டே எழுதுங்கள்.

#3 வெண்பலகை

பழைய_சூப்பர்வைசர் சார் சொல்வதில் பெரும்பகுதி எனக்கும் சம்மதம். ஸ்லைடே கூடாது என்பதில் மட்டும் இல்லை. ஏன் இந்த மாற்றம், பழைய முறையில் என்ன குறை, எந்தத் தேதியில் இருந்து பழைய சாஃப்ட்வேர் நிற்கும் என்பதற்கெல்லாம் ஐந்தாறு ஸ்லைடு தாராளமாகப் போடலாம். திரைப் படங்கள் அறுபதையும் ஓட்டினால்தான் வம்பு. உண்மையான திரை பக்கத்திலேயே இருக்கும்போது அதன் படத்தை எதற்குக் காட்ட வேண்டும்?

நான் தொழில்முறைப் பயிற்றுநர். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "பயிற்சி முடிந்து வெளியே போகிறவர் என்ன செய்வார்?" என்பது. பெரும்பாலும் வருகிற பதில், "சாஃப்ட்வேரைப் பற்றிப் புரிந்துகொள்வார்". புரிந்துகொண்டதை நீங்கள் எங்கே நின்று பார்ப்பீர்கள்? ராபர்ட் மேகர் என்பவர் 1962-லேயே இதற்கு வழி சொல்லிவிட்டார். நோக்கத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: ஆள் என்ன செய்வார், எந்தச் சூழலில் செய்வார், எந்த அளவுக்குச் சரியாகச் செய்தால் ஏற்றுக்கொள்வோம். உங்கள் விஷயத்தில் உதாரணமாக: "இன்வாய்ஸும் பர்ச்சேஸ் ஆர்டரும் கையில் இருக்க, யாரையும் கேட்காமல், ஒரு சரக்கை வரவு வைத்து லேபிள் எடுப்பார், அளவிலும் பேட்ச் எண்ணிலும் ஒரு பிழையும் இருக்காது." இந்த ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் அறுபதில் எத்தனை ஸ்லைடு தேவையில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று. பன்னிரண்டு பேருக்கு எத்தனை கம்ப்யூட்டர்?

#4 ஸ்டோர்_கீப்பர்

மூன்றுதான் சார். பயிற்சிக்கென்று தனி டேட்டாபேஸ் உண்டு, அதில் என்ன செய்தாலும் உண்மையான இருப்பு மாறாது.

செய்துகொண்டே எழுதியது இது:

லாகின் செய்யவும். இன்வர்ட் மெனுவுக்குப் போகவும். பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணைத் தேடவும். பொருட்களைச் சரிபார்க்கவும். அளவை உள்ளிடவும். பேட்ச் எண், காலாவதித் தேதி உள்ளிடவும். ரேக் எண் தரவும். சேவ் செய்யவும். இன்வாய்ஸை ஸ்கேன் செய்து இணைக்கவும். போஸ்ட் செய்யவும். லேபிள் பிரிண்ட் எடுக்கவும்.

வலப்பக்கம் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எல்லாப் படிக்கும் "கவனமாகச் செய்யவும்" என்றுதான் தோன்றுகிறது.

#5 பழைய_சூப்பர்வைசர்

நல்ல ஆரம்பம். "கவனமாக" என்று எழுதாமல் விட்டீர்களே, அதுவே பாதி வெற்றி. எதில் கவனம் என்று தெரியாதவனிடம் கவனமாக இரு என்றால் அவன் எல்லாவற்றையும் பயந்து பயந்து செய்வான், தப்பு வருகிற இடத்தில் மட்டும் சாதாரணமாக இருப்பான்.

வலப்பக்கத்துக்குப் போக மூன்று சோதனை உண்டு. இதை விட்டால் வேலையே கெடுமா? இதை விட்டால் ஆளுக்கு அடிபடுமா? இது தெரிந்தால் வேலை சுலபமாகுமா? மூன்றில் ஒன்றுக்காவது ஆமாம் என்றால் எழுதுங்கள். இல்லையென்றால் காலியாக விடுங்கள். காலியாக இருப்பதில் தப்பில்லை.

உங்கள் பட்டியலில் "அளவை உள்ளிடவும்" என்று ஒரு வரி. எந்த அளவு? இன்வாய்ஸில் 40 பெட்டி என்று இருக்கும். பெட்டிக்கு 12. சாஃப்ட்வேர் கேட்பது பெட்டியா, எண்ணிக்கையா? 40 என்று அடிக்க வேண்டுமா, 480 என்று அடிக்க வேண்டுமா? உங்களுக்கு அது கையோடு வந்துவிட்டது, அதனால் எழுதத் தோன்றவில்லை. புது ஆள் அங்கேதான் விழுவான். அப்புறம் சேவ், போஸ்ட் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சேவ் செய்த பிறகு திருத்த முடியுமா? போஸ்ட் செய்த பிறகு?

லாகினை எல்லாம் ஒரு படியாக எழுத வேண்டாம். தினமும் கம்ப்யூட்டரில் உட்காருகிறவர்களுக்கு அது வேலை அல்ல. வேலையை முன்னே நகர்த்துவது எதுவோ அதுதான் படி. உங்கள் பதினொன்றை ஆறாகக் குறைக்க முடியும்.

#6 கணக்குப்பிள்ளை

நடுவே புகுந்ததற்கு மன்னிக்கவும். 40-க்கு 480, 480-க்கு 40, இந்தக் கூத்து முடிவில் எங்கள் மேசைக்குத்தான் வந்து சேரும். இன்வாய்ஸ் தொகையும் வரவுத் தொகையும் பொருந்தாது, சப்ளையருக்குப் பணம் நிற்கும், அவர் போன் செய்து எங்களைத் திட்டுவார். தயவுசெய்து வலப்பக்கத்துக்குப் பக்கத்தில் "ஏன்" என்று மூன்றாவதாக ஒரு கட்டமும் போட்டு அதில் எங்களையும் எழுதுங்கள். ஸ்டோரில் ஒரு எழுத்து மாறினால் இங்கே என்ன ஆகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதே இல்லை.

#7 ஸ்டோர்_கீப்பர்

இதோ திருத்தியது. கணக்குப்பிள்ளை சார் சொன்ன மூன்றாவது கட்டமும் உண்டு.

படி 1: ஆர்டரைத் திறப்பது. கவனிக்க: சப்ளையர் பெயரை வைத்துத் தேடாமல் ஆர்டர் எண்ணை வைத்தே தேட வேண்டும். ஏன்: ஒரே சப்ளையருக்கு ஒரே நேரத்தில் பல ஆர்டர் திறந்திருக்கும்.

படி 2: சரக்கை எண்ணுவது. கவனிக்க: திரையில் இருக்கும் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே எண்ணித் தாளில் குறிக்க வேண்டும். ஏன்: எண்ணைப் பார்த்துவிட்டால் கண் அதையே எண்ணும்.

படி 3: அளவு இடுவது. கவனிக்க: முதலில் அலகுக் கட்டத்தைப் பார்க்க வேண்டும், பெட்டியா எண்ணிக்கையா என்று, அப்புறம்தான் எண். ஏன்: அலகு மாறினால் இன்வாய்ஸ் பொருந்தாது, சப்ளையருக்குப் பணம் நிற்கும்.

படி 4: பேட்ச், காலாவதித் தேதி. கவனிக்க: பெட்டியின் மேல் இருப்பதைப் பார்த்து அடிக்க வேண்டும், இன்வாய்ஸைப் பார்த்து அல்ல. ஏன்: ஒரு இன்வாய்ஸில் இரண்டு பேட்ச் கலந்து வருவது உண்டு.

படி 5: ரேக் எண் தந்து சேவ். இங்கே வலப்பக்கம் காலி.

படி 6: ஒப்பிட்டு, இன்வாய்ஸை இணைத்து, போஸ்ட் செய்து, லேபிள் எடுப்பது. கவனிக்க: திரையின் மொத்தத்தையும் இன்வாய்ஸ் மொத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், லேபிள் போஸ்டுக்குப் பிறகுதான். ஏன்: சேவ் செய்ததைத் திருத்தலாம், போஸ்ட் செய்ததைத் திருத்த முடியாது, ரிவர்சல் என்ட்ரிதான் (பழையதை ரத்து செய்யும் எதிர்ப்பதிவு), போஸ்டுக்கு முன் எடுத்த லேபிளில் தற்காலிக எண் இருக்கும்.

எழுதும்போதுதான் லேபிள் விஷயமே உறைத்தது. நான் தினமும் சரியாகத்தான் செய்கிறேன், ஆனால் ஏன் அந்த வரிசை என்று யோசித்ததில்லை.

#8 வார்டு_சிஸ்டர்

அந்த இரண்டாவது படி அருமை, திரையைப் பார்க்கும் முன் எண்ணுவது. நாங்களும் மருந்து அளவை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கிட்டுவிட்டுத்தான் ஒப்பிடுவோம், ஒருவர் சொல்லி மற்றவர் தலையாட்டுவது கிடையாது.

நான் செவிலியர். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வார்டில் செய்முறை காட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. நாங்கள் பின்பற்றுவதும் நாலு படிதான், கொஞ்சம் வேறு மாதிரி. பெய்ட்டன் என்ற அறுவை மருத்துவர் 1998-இல் வகுத்தது. முதலில் நான் வாயே திறக்காமல், வழக்கமான வேகத்தில் செய்து காட்டுவேன். அடுத்தது மெதுவாக, ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே செய்வேன். மூன்றாவது முறை செய்வது நான்தான், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பெண் சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் என் கை நகராது. நாலாவதாக அவளே சொல்லி அவளே செய்வாள்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் நேரமில்லை என்று தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். அவர் மனதில் படிகள் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன என்பது அப்போதுதான் வெளியே வரும். "அடுத்து... அடுத்து என்ன..." என்று அவர் திணறும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழெட்டுக்குள் பதில் வந்துவிடும்.

அப்புறம் "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். பத்துப் பேர் முன்னால் வேறு என்ன சொல்ல முடியும்? "சேவ் அழுத்தின பிறகு அளவு தப்பு என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள்.

#9 எச்ஆர்_புதுமுகம்

நல்ல இழை. எங்கள் பயிற்சியில் ஒரு பிரமிடு காட்டினார்கள்: படிப்பதில் 10 சதவீதம் நினைவிருக்கும், கேட்பதில் 20, பார்ப்பதில் 30, செய்வதில் 90 என்று. செவிலியர் அம்மா சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. அப்புறம், சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள். முன்கூட்டியே ஒரு கேள்வித்தாள் கொடுத்து யார் எந்த வகை என்று பிரித்துக்கொண்டால் நல்லது.

#10 வெண்பலகை

எச்ஆர்_புதுமுகம், உங்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் இதையேதான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சதவீதங்களுக்குப் பின்னால் ஆய்வு எதுவும் இல்லை. எட்கர் டேல் 1946-இல் ஒரு கூம்பு வரைந்தார், அனுபவங்களை நேரடியானவை தொடங்கி வெறும் சொற்கள் வரை அடுக்கி. அதில் எண்களே கிடையாது. பின்னால் வந்தவர்கள் யாரோ ஒட்டவைத்தவை. பத்து, இருபது, முப்பது என்று அத்தனை எண்ணும் பூஜ்யத்தில் முடியும்போதே சந்தேகம் வர வேண்டாமா!

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் விஷயமும் அப்படித்தான். 2008-இல் பாஷ்லரும் மற்ற உளவியலாளர்களும் இருக்கிற ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்தார்கள். வகை பிரித்து வகைக்கேற்ப சொல்லிக் கொடுத்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றுதான் முடித்தார்கள். ஆளுக்கு ஒரு விருப்பம் இருக்கலாம், அது வேறு. சரக்கு வரவு வைப்பதைக் காதால் கேட்டு யாரும் கற்க முடியாது, கேட்டுக் கற்பவர் என்று முத்திரை குத்தினாலும்.

நம்பக்கூடிய ஆய்வு வேண்டுமென்றால் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் செய்த சோதனையைச் சொல்வேன். ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொன்று ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நிலைமை தலைகீழ், எழுதிப் பார்த்தவர்கள் மேல். அதாவது பயிற்சி முடிந்த மாலையில் எல்லோரும் நன்றாகச் செய்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மறந்துபோகத் தொடங்கும்போது நினைவில் இருந்து எடுக்க வைப்பதில்தான் பலன். அரை நாள் பயிற்சியை ஒரே மூச்சில் முடிக்காமல் இரண்டாகப் பிரித்து, இடையில் ஓரிரு நாள் விட்டு வைக்க முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று கம்ப்யூட்டர் கணக்குக்கும் அதுதான் தோது.

#11 இரவுப்பணி

எல்லாம் சரி. யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். இது பயிற்சியால் தீரும் பிரச்சினைதானா?

எங்கள் இடத்தில் ஒரு தடவை இதே மாதிரி பயிற்சி வைத்தார்கள், பேட்ச் எண் தப்புத் தப்பாக வருகிறது என்று. எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். அடுத்த மாதமும் தப்பு வந்தது. காரணம், இரவு ஷிப்டில் இறக்கும் இடத்தில் விளக்கு சரியில்லை, பெட்டி மேல் இருக்கும் எழுத்து தெரியாது. ட்யூப்லைட் மாற்றியதும் சரியாகிவிட்டது. பயிற்சி கொடுத்தவர் பாவம், நன்றாகத்தான் கொடுத்தார்.

#12 வெண்பலகை

இரவுப்பணி சொன்னது முக்கியமான விஷயம். நான் மேலே சொன்ன மேகரும் பீட்டர் பைப்பும் 1970-இல் இதற்கு ஒரு கேள்வி வைத்தார்கள்: உயிரே போகும் என்ற நிலை வந்தால் இந்த ஆள் இந்த வேலையைச் சரியாகச் செய்துவிடுவாரா? செய்துவிடுவார் என்றால் அவருக்குப் பயிற்சி தேவையில்லை, தடுப்பது வேறு ஏதோ. கருவி இல்லை, நேரம் இல்லை, சரியாகச் செய்தால் கூடுதல் வேலை தலையில் விழுகிறது, இப்படி ஏதாவது.

ஸ்டோர்_கீப்பர் விஷயத்தில் சாஃப்ட்வேரே புதிது, அதனால் பயிற்சி தேவைதான். ஆனாலும் ஒரு ஷிப்ட் முழுக்க இறக்கும் இடத்தில் நின்று பாருங்கள். ஸ்கேனர் எத்தனை, பிரிண்டர் எவ்வளவு தூரம், லாரி வரிசையில் நிற்கும்போது எண்ணுவதற்கு நேரம் இருக்கிறதா என்று. பயிற்சியில் நீங்கள் சொல்கிற இரண்டாவது படிக்கு அங்கே இடமே இல்லையென்றால், உங்கள் எதிரில் தலையாட்டிவிட்டு அங்கே போய்ப் பழையபடிதான் செய்வார்கள்.

#13 மூன்றாம்_ஷிப்ட்

நான் கொஞ்சம் எதிர்த்தரப்பில் இருந்து பேசுகிறேன். நான்தான் அந்த சீனியர். உங்கள் கிடங்கில் இல்லை, வேறு இடத்தில். ஆனால் என்னைவிட ரொம்பச் சின்னப் பையன்கள் எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் விஷயம், என் கையில் இருந்து மவுஸைப் பிடுங்காதீர்கள். நான் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பேன், பார்க்கிறவருக்குப் பொறுமை போய்விடும், "கொடுங்க சார்" என்று வாங்கிப் படபடவென்று நாலு கிளிக் செய்துவிட்டு "அவ்வளவுதான்" என்பார்கள். எனக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. திரும்பக் கேட்கவும் கூச்சமாக இருக்கும். மவுஸைத் தொட மாட்டேன் என்று மனதில் முடிவு செய்துகொண்டு வாருங்கள். வேண்டுமானால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் கிளிக் செய்ய வேண்டும் என்று விரலால் திரையில் காட்டலாம், வாயால் சொல்லலாம்.

இரண்டாவது, எல்லோர் முன்னாலும் "சார் நீங்க வந்து செஞ்சு காட்டுங்க" என்று கூப்பிடாதீர்கள். மரியாதை கொடுப்பதாக நினைத்துத்தான் கூப்பிடுவீர்கள். எங்களுக்கு அது பரீட்சை.

மூன்றாவது, எனக்கு சாஃப்ட்வேர்தான் தெரியாது, சரக்கு தெரியும். எந்த சப்ளையர் பெட்டியில் குறைத்து வைப்பார், எந்தப் பெட்டியில் இரண்டு பேட்ச் கலந்து வரும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியுமா? அதை என்னிடம் கேளுங்கள். பயிற்சி அன்று எல்லோர் எதிரிலும் அல்ல, அதற்கு முன்னாலேயே வந்து கேளுங்கள். உங்கள் அந்த ஆறு படித் தாளை உங்களுக்கு வேலை கற்றுத் தந்தவரிடம் காட்டி, "அண்ணே, இதில் என்ன விட்டுப்போச்சு?" என்று கேட்டால் அவர் பயிற்சி நாளில் உங்கள் பக்கம் நிற்பார்.

#14 பழைய_சூப்பர்வைசர்

மூன்றாம்_ஷிப்ட் ஐயா, கும்பிடு. என் அனுபவத்தில் சொல்ல நினைத்ததை எல்லாம் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தம்பி, நாலு படியில் முதல் படி "ஆளைத் தயார் செய்" என்றேனே, அதில் பாதி இதுதான். அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கண்டுபிடிப்பது. எல்லாம் தெரிந்தவருக்கு ஆனா ஆவன்னாவில் இருந்து ஆரம்பித்தால் அவர் போனை எடுத்துவிடுவார்.

#15 வெண்பலகை

அதற்கு ஆய்வும் உண்டு. புதியவருக்கு உதவுகிற அதே விரிவான விளக்கம், ஏற்கெனவே தெரிந்தவருக்கு இடைஞ்சலாகிறது என்று கால்யூகா, ஸ்வெல்லர் முதலியோர் 2003-இல் காட்டியிருக்கிறார்கள். அதனால் பன்னிரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் பழகியவர்கள் ஒரு குழு, பழகாதவர்கள் ஒரு குழு. அவர்களை "ஸ்லோ பேட்ச்" என்று மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள். ஷிப்ட் வாரியாகப் பிரிப்பது போல ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஒரே மூச்சில் ஆறு படியையும் சொல்லவும் வேண்டாம். புது விஷயத்தை மனதில் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்ய முடிவது ஏறக்குறைய நாலு துண்டுதான் என்று கோவன் 2001-இல் கணித்தார். மூன்று படி காட்டி, செய்ய வைத்து, அப்புறம் அடுத்த மூன்று.

#16 எச்ஆர்_புதுமுகம்

பிரமிடைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி சார், எங்கள் ஸ்லைடில் இருந்து எடுத்துவிடுகிறேன். கருத்துப் படிவம் பற்றிய கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையே. அதைத் தயார் செய்வதே நாங்கள்தான்!

#17 வெண்பலகை

படிவம் இருக்கட்டும், அதன் இடம் தெரிந்தால் போதும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை மதிப்பிட நாலு நிலை சொன்னார். வந்தவர்களுக்குப் பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, அதனால் நிறுவனத்துக்கு விளைவு உண்டா. உங்கள் படிவம் அளப்பது முதலாவதை மட்டும். ஏசி நன்றாக இருந்தாலும் ஐந்துக்கு ஐந்து வரும்.

ஸ்டோர்_கீப்பருக்கு மற்றவற்றை அளப்பது ரொம்ப சுலபம். கற்றுக்கொண்டார்களா என்பதற்கு, பயிற்சி டேட்டாபேஸில் ஆளுக்கு ஒரு சரக்கு, உதவியில்லாமல். வேலையில் செய்கிறார்களா என்பதற்கு, ஒரு வாரம் கழித்து அவர்கள் இடத்துக்கே போய்ப் பார்ப்பது. விளைவுக்கு, ரிவர்சல் என்ட்ரி எத்தனை வருகிறது என்று கணக்குப் பிரிவிடம் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

#18 கணக்குப்பிள்ளை

கேட்காமலே கொடுப்போம்.

#19 ஸ்டோர்_கீப்பர்

பயிற்சி முடிந்தது. என்ன நடந்தது என்று எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

மேனேஜர் அரை நாளை இரண்டாகப் பிரிக்கச் சம்மதித்தார். குழுவும் பிரித்தேன். ஸ்லைடு ஆறோடு நிறுத்தினேன்.

மூன்றாம்_ஷிப்ட் ஐயா சொன்னபடி தாளை எடுத்துக்கொண்டு என் சீனியரிடம் முன்னாலேயே போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். "ஆர்டர் போட்டதில் பாதிதான் லாரியில் வந்தால்?" என்று கேட்டார். தாளில் அது இல்லை. பாதி வரவு வைத்தால் மீதிக்கு ஆர்டர் திறந்தே இருக்க வேண்டும், ஆனால் கடைசித் திரையில் 'ஆர்டரை முடி' என்ற கட்டத்தில் தானாகவே டிக் விழுந்திருக்கிறது. அதை எடுக்காமல் போஸ்ட் செய்தால் மீதிச் சரக்கு வரும்போது வரவு வைக்க இடமே இருக்காது. ஆறாவது படியின் வலப்பக்கத்தில் அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார். பயிற்சியில் அந்தப் பகுதியை அவரே விளக்கினார், நான் கேட்கவில்லை.

வார்டு_சிஸ்டர் சொன்ன மூன்றாவது படியில் ஒரு வேடிக்கை. நான் கையை மவுஸில் வைத்துக்கொண்டு காத்திருக்க, ஒருவர் "அளவு நானூற்று எண்பது போடு" என்றார். பக்கத்தில் இருந்தவர் "அலகைப் பார்க்கலையே" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை. அதற்கப்புறம் அந்தக் குழுவில் யாரும் அலகைப் பார்க்காமல் எண் அடிக்கவில்லை.

மவுஸைத் தொடாமல் இருப்பதுதான் பயிற்சியிலேயே எனக்குக் கடினமாக இருந்தது. இரண்டாம் பகுதியில் கையைக் கட்டிக்கொண்டேன், உண்மையாகவே.

ஒரு கேள்வி மிச்சம். இப்போது வருகிற ரிவர்சல் எல்லாம் பெரும்பாலும் வாடிக்கையாளரிடம் இருந்து திரும்பி வரும் சரக்கில்தான். அதை நான் பயிற்சியில் சேர்க்கவே இல்லை, வேறு மெனு.

#20 பழைய_சூப்பர்வைசர்

அதற்குத் தனித் தாள் போடுங்கள். இதிலேயே நுழைக்காதீர்கள், ஆறு படி பன்னிரண்டாகிவிடும். திரும்பி வரும் சரக்கை அதிகம் பார்ப்பது யாரோ அவரை உட்கார வைத்து, அவர் செய்யச் செய்ய நீங்கள் எழுதுங்கள்.

#21 இரவுப்பணி

இரவில் வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதே தாள்தானே? பகல் ஷிப்டுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு எங்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்புவதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். சும்மா கேட்டேன்.

#22 ஸ்டோர்_கீப்பர்

இல்லை சார், இரவு ஷிப்டில் இருக்கிற நாலு பேரும் அந்தப் பன்னிரண்டில் சேர்த்திதான். அவர்களுக்கு ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் வைத்தேன், முடிந்த பிறகு வைத்தால் தூங்கிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்க்கவும் இரவில்தான் போனேன். விளக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் லேபிள் பிரிண்டர் கதவுக்கு அந்தப் பக்கம், பத்துப் பதினைந்து லேபிளைச் சேர்த்து வைத்துத்தான் போய் எடுத்து வருகிறார்கள், ஒட்டும்போது மாறுகிறது. பிரிண்டரை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

திரும்பி வரும் சரக்குக்கான தாளை என் சீனியர் எழுத ஆரம்பித்துவிட்டார். அந்தப் பயிற்சியை அவரே எடுக்கிறேன் என்கிறார், பவர்பாயிண்ட் மட்டும் என்னைப் போட்டுத் தரச் சொல்கிறார்.

#23 பழைய_சூப்பர்வைசர்

எத்தனை ஸ்லைடு கேட்கிறார்?

#24 ஸ்டோர்_கீப்பர்

நாற்பது.

#25 மூன்றாம்_ஷிப்ட்

அவரை இந்த இழைக்கு அனுப்புங்கள் தம்பி.